நச்சுக்குப்பியைத் திரும்பப் பெறுவது யார்?

வாழ்நாளை நீட்டிக்கவல்ல நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர் நாடே இன்றைத் தருமபுரி மாவட்டம். அம் மண்ணின் வரப்புகளில் இன்று உருண்டு கிடப்பவை பூச்சிக்கொல்லிக் குப்பிகள். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டமாயினும், அரூர்ப் பக்கம் பருத்திக் காடாயினும், 'மருந்தடித்து' முடிந்ததும் வெறுங்குப்பி விழுமிடம் வேலியோரம், அன்றேல் வாய்க்கால், அன்றேல் பாழ்ங்கிணறு. அதனை மருந்தென்று வழங்கும் வழக்கே முதற் கேடு. நஞ்சை நஞ்சென்றே சொல்லியிருப்பின், எடுக்கும் கை சற்றேனும் அஞ்சியிருக்கும்.

வெறுங்குப்பி என்பதும் வாய்ச்சொல்லே. கவிழ்த்து வடித்த பின்னும் அடியிலும் மூடியிலும் நஞ்சு ஒட்டியே நிற்கும். 2013 சூலை 16-ஆம் நாள், பீகாரின் சாரன் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நண்பகலுணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். சமையலெண்ணெயில் மோனோகுரோட்டோபாசு என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தமை ஆய்வில் வெளிப்பட்டது. முன்பு அந் நஞ்சிருந்த கலத்தில் எண்ணெயை ஊற்றிவைத்தமையே கரணியம் எனப் புலனாய்ந்தோர் கருதினர். காய்கறிப் பயிருக்கு ஆகாதென 2005-இலேயே நடுவணரசு விலக்கிய நஞ்சு அது. அதன் 36 விழுக்காட்டுக் கரைசலை விலக்க ஆணை பிறந்ததோ 2023-இல்! நல்ல குப்பியாயிற்றே, மண்ணெண்ணெய்க்கு ஆகுமே என்று கழுவி வைக்கும் வீடு தமிழகத்துச் சிற்றூர்களில் இல்லையென்று எவரும் சொல்லார்.

சட்டம் இல்லாமலில்லை. 1958-இல் கப்பலில் கோதுமை மாவோடும் சருக்கரையோடும் வந்த பாரத்தியான் கசிந்து, கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் பிறந்தன. ஒழிந்த கலங்களை வெளியே விட்டுவைத்தலாகாது, உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைத்தல் வேண்டும் என்பது 44-ஆம் விதி. ஆக்குவோரையும் தெளிப்புத் தொழில் நடத்துவோரையும் நோக்கி எழுதப்பட்ட அவ் விதியை, அரை ஏக்கர் உழவனுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? தகரமும் கண்ணாடியும் மிக்கிருந்த காலத்து விதி, மட்காத நெகிழிக் குப்பிக்கு எங்ஙனம் பொருந்தும்?

சொல்லவேண்டிய இடம் குப்பியின் மேலொட்டிய தாளே. இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழி ஒன்றிரண்டிலும் அஃது அச்சிடப்பெறல் வேண்டும் என்கின்றன விதிகள். அஃதாவது, தமிழ் வழங்கும் மண்ணில் தமிழ் மூன்றாமிடத்தது! எறும்பூர்ந்தாற்போன்ற எழுத்தில், மடித்த மெல்லிய தாளின் ஒரு மூலையில் தமிழ் கிடக்கும். முதியவர் கண்ணுக்கு அது வெறுங்கோடு. நஞ்சின் கடுமையைக் காட்ட முக்கோணத்திற்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள் உள. பச்சை என்றால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். பச்சையும் நஞ்சே, கடுமை குறைந்ததென்பதே வேறுபாடு. இதனைப் பெரிய எழுத்தில், உழவர் பேசும் தமிழில் எழுதினால் ஆக்குவோர்க்கு ஆகும் செலவு என்ன? தாய்மொழியில் எழுதாமை ஈண்டு வெறும் மொழிக்குற்றமன்று, உயிர்க்குற்றம்.

எழுதவேண்டுவனவும் சிலவே. குப்பி தீர்ந்தவுடன் காற்பங்கு நீரூற்றி, மூடி, நன்கு குலுக்கி, அந் நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுக, இவ்வாறு மும்முறை. கழுவுநீரும் பயிருக்கே போவதால், காசு கொடுத்து வாங்கியதில் துளியும் வீணாவதில்லை. பின்னர் எவரும் எடுத்தாளாவாறு குப்பியின் அடியைத் துளையிடுக. எரித்தல் கூடாது, அப் புகையும் நஞ்சு. கிணற்றருகே கழுவுதல் அறவே கூடாது. நிலத்தடிநீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. அதற்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று 2013-இல் பயனுக்கு வந்தது. அம் மக்கள் நீரில் இன்னொரு நஞ்சும் கலத்தல் வேண்டுமா?

ஆயின் மும்முறை கழுவித் துளையிட்ட குப்பியை உழவன் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பான்? வினாவின் முடிச்சு இங்கேதான் உளது. பிரேசில் நாடு 2000-இல் இயற்றிய சட்டம், உழவர் திருப்பித் தருதலையும், விற்போர் பெறுமிடம் அமைத்தலையும், ஆக்குவோர் கொண்டுசென்று ஒழித்தலையும் கடமையாக்கிற்று. இன்று அங்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கலங்கள் திரும்பி வருகின்றன. அவ்வளவு தொலைவு போவானேன்? உயர்நெறிமன்ற ஆணைப்படி 2022-இல் நீலமலையில் அரசு மதுக்குப்பிக்குப் பத்து உருபா கூடுதலாகப் பெற்று, வெறுங்குப்பியைத் தந்தாரிடம் அதனைத் திருப்பித் தந்தது. பிற மாவட்டங்களுக்கும் அது பரவிற்று. குடித்தெறிந்த குப்பிக்கு விலை வைக்கத் தெரிந்த அரசுக்கு, நச்சுக்குப்பிக்கு விலை வைக்கத் தெரியாதா?

அப் பத்து உருபாவை ஆக்கும் குழுமமே தருதல் வேண்டும். பெறும் பொறுப்பு விற்கும் கடையினது. பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிவரும் வண்டியிலேயே வெறுங்குப்பிச் சாக்கும் வரலாம். வாங்கிக்கொள்ள ஓரிடமும், பூட்டிய கொட்டகை ஒன்றும், தமிழில் எழுதிய பலகை ஒன்றுமே தேவை.