நாலடிச் சுடுதண்ணீரும் நம்ம பிள்ளைகளும்



டிசம்பர் விடுமுறை வந்துவிட்டது. நம்ம ஆட்களின் ஸ்டேட்டஸ் முழுக்க ஒரே படம்தான். ரிவர்ஸ்டன் மூடுபனி, ஆவி பறக்கும் ரிசோர்ட் நீச்சல் தடாகம், நெஞ்சளவு சுடுதண்ணீரில் வாப்பாவும் பிள்ளைகளும். கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்". போன வருடம் நாமும் அப்படித்தான் படம் போட்டோம். அதனால் இதை வாசித்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டுக்காரரை நினைக்க வேண்டாம். நம் எல்லோரையும் பற்றித்தான் எழுதுகிறோம்.

குடும்பத்தோடு சந்தோஷமாக இருப்பது பிழை என்று நாம் சொல்லவில்லை. வருடம் முழுக்கக் கடையிலும் தோட்டத்திலும் கிடந்து உழைக்கிற மனிதன் இரண்டு நாள் பிள்ளைகளோடு இருக்கட்டும். கேள்வி வேறு. ஒரு இரவுக்கு ஒரு மாத வீட்டுச் செலவைக் கொட்டிவிட்டு வருகிறோமே, அந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா? தெரியாது. வாப்பாவுக்குத் தெரியுமா? அதுவும் இல்லை. காற்றடித்த டியூபில் மிதந்ததையும், கரையைப் பிடித்துக்கொண்டு கால் அடித்ததையும் நீச்சல் என்று நம்பிவிட்டோம்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்து. தடாகத்துத் தண்ணீர் அசையாது. அடி தெரியும். ஆழம் சுவரில் எழுதியிருக்கும். உடம்புக்கு இதமான சூடு. இதிலிருந்து ஏறி வருகிற பிள்ளை, திரும்பும் வழியில் தெல்கமு ஓயாவைக் கண்டால் "எனக்கு நீந்தத் தெரியும்" என்று இறங்கிவிடுகிறது. ஓயாவின் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. திடீரென்று உள்ளே விழுந்தால் உடம்பு தன்னாலே மூச்சை இழுக்கும், அந்த மூச்சில் தண்ணீரும் சேர்ந்து போகும். பாறையில் பாசி. காலுக்குக் கீழே நீரோட்டம். இதெல்லாம் போதாதென்று டிசம்பரில் நமக்கு வடகீழ்ப் பருவமழை. நாம் நிற்கிற இடத்தில் வெயில் எறிக்கும், மேலே நக்கிள்ஸ் மலையில் மழை கொட்டும். தண்ணீர் கலங்கி வருகிறதே என்று பார்ப்பதற்குள் மட்டம் ஏறிவிடும். ஆற்றில் இறங்கவே கூடாத மாதத்தைத்தான் நாம் குளிப்பதற்கென்று தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

சென்ற விடுமுறையில் நம்ம மாணவன் ஒருவன் இப்படித்தான் இறங்கினான். பத்து வயது. இரண்டு நாள் ரிசோர்ட்டில் "நீந்திய" பிள்ளை. கரையில் வாப்பா, மாமா, மச்சான்மார் என்று ஆறு ஆண்கள் நின்றார்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. வயல் வேலை முடித்து அந்தப் பக்கம் வந்த ஒரு சிங்களப் பெரியவர்தான் சாரத்தை அவிழ்த்து எறிந்து, அதைப் பிடிக்க வைத்து இழுத்தெடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பியது. பாடசாலை திறந்ததும் நம்மிடம் அவன் கேட்டான்: "ஸேர், பூலில நான் நல்லா நீந்தினேனே, ஏன் அங்க ஏலாமப் போச்சு?" நமக்குப் பதில் வரவில்லை.

"தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தால் சரிதானே" என்பார்கள் சிலர். லக்கலையில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? ஒரு பக்கம் களுகங்கை நீர்த்தேக்கம், மறுபக்கம் மொரகஹகந்த. பழைய நகரமும் வயல்களும் நீருக்கடியில் போய், ஊரே இடம் மாறியது. நாம் தண்ணீரைத் தேடிப் போகாவிட்டாலும் தண்ணீர் நம் வாசலுக்கு வந்துவிட்டது. நேற்றுவரை வயலாகவும் கிணறாகவும் மேடாகவும் இருந்த நிலத்தின் மேல்தான் இன்று தண்ணீர் நிற்கிறது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் எங்கே ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது பெண் பிள்ளைகள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்கள். தண்ணீருக்குள் ஆண்களும் சின்னப் பிள்ளைகளும். உம்மா கதிரையில், மடியில் துவாய், கையில் போன். பத்து வயது தாண்டிய மகள் கரையில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு. ஆற்று வெள்ளம் ஆண், பெண் பார்த்தா இழுக்கிறது? பிள்ளை தவறி விழும்போது பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் உம்மாதானே? பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலையாட்டியதோடு சரி. ஹயாவைக் காரணம் காட்டி மறுக்கிறவர்களிடம் கேட்கிறோம்: ஹயாவைப் பேணியே கற்றுக்கொடுக்க ஒரு ஏற்பாட்டை எப்போதாவது செய்து பார்த்தோமா?

வழி இருக்கிறது. டிசம்பரில் நிரம்பி வழிகிற இதே தடாகங்கள் மற்ற மாதங்களில், வார நாட்களில் சும்மா கிடக்கின்றன. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து மணித்தியாலக் கணக்கில் பேசி எடுக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு நேரம். பெண்களுக்கு வேறு நேரம், பெண் பயிற்றுநர், சுற்றிவர மறைப்பு, முழு உடம்பையும் மூடும் நீச்சல் உடை. குளிரில் நடுங்குகிற சின்னப் பிள்ளைக்குக் கற்பிப்பது கஷ்டம், அதற்குச் சுடுதண்ணீர் உண்மையிலேயே உதவும். அப்போது அந்தக் காசு வீண் இல்லை.

தடாகமே கிடைக்காவிட்டாலும் சாக்குச் சொல்ல முடியாது. பங்களாதேஷில் கிராமத்துக் குளத்துக்குள் மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, பயிற்றுநரை வைத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். நம்மைவிட வசதி குறைந்த கிராமங்கள் அவை. 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்தது. நம்ம பாடசாலைகளில் எத்தனை தினம் கொண்டாடுகிறோம், இந்தத் தினத்தை யாராவது நினைத்தோமா?

இந்த விடுமுறைக்குப் போகிறவர்கள் மூன்று விடயத்தையாவது செய்யுங்கள். மல்லாந்து மிதக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள், பயந்த நேரத்தில் அதுதான் மூச்சைக் காக்கும். யாராவது மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது, சாரம், கயிறு, தடி, மூடிய வெறும் தண்ணீர்க் கேன், கையில் கிடைப்பதை எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றக் குதித்த வாப்பாவும் சேர்ந்து ஜனாஸாவாக வரக் கூடாது. மூன்றாவது, மழைக்காலத்தில் ஓயாவுக்குள் இறங்காதீர்கள். ஊர்க்காரர் "எபா" என்றால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

வரும் தவணையில் ஒரு கூட்டம் வைப்போம். அதிபர், நிர்வாகத்தினர், உம்மாமார் எல்லோரும் வரவேண்டும். விருப்பமுள்ளவர்கள் கீழே பெயர் போடுங்கள். "மாஷா அல்லாஹ்" மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம். நாம் இன்னும் கயிற்றையே எடுக்கவில்லை.