பதில் தராதவர்கள் யார்?

இணைய விளையாட்டுச் சமூகம் ஒன்றில் எத்தகையோர் இருக்கிறார்கள் என்று அறிய முனையும் ஆய்வுக் குழுக்கள் பெரும்பாலும் வினாத்தாளில்தான் தொடங்குகின்றன. வயதை எத்தனை பிரிவாக்குவது, வருமானத்தை எப்படிக் கேட்பது என்று வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். யாரிடம் கேட்பது என்பதோ கடைசி நாளில் முடிவாகிறது: டிஸ்கார்டில் ஓர் அறிவிப்பு, கூடவே ஓர் இணைப்பு. இந்த வரிசையை மாற்றியாக வேண்டும்.

அறிவிப்பைப் பார்ப்பவர்கள் யார்? கில்டு எனப்படும் ஆட்டக் குழுக்களின் தலைவர்கள், விடிய விடிய ஆடுபவர்கள், ஓயாமல் உரையாடுபவர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் தனியாக ஆடிவிட்டுப் போகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை. பதில்கள் 1,000-லிருந்து 10,000 ஆனாலும் இந்தக் குறை தீராது. அதே வகையினர்தான் பெருகுவார்கள்.

எவர்குவெஸ்ட் 2 ஆட்டக்காரர்களைப் பற்றி டிமிட்ரி வில்லியம்ஸ், நிக் யீ, ஸ்காட் கேப்லன் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வை நம் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சுமார் 7,000 பேரின் பதில்களோடு, விளையாட்டை நடத்திய நிறுவனத்தின் சர்வர் பதிவுகளையும் அவர்களால் இணைத்துப் பார்க்க முடிந்தது. சராசரி வயது 31. பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் வாரத்துக்கு ஆண்களைவிட அதிக நேரம் ஆடியவர்கள் அவர்களே. அதே தரவைக் கொண்டு 2009-இல் வந்த கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: தாம் ஆடும் நேரத்தைப் பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாகக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். சர்வர் பதிவு இல்லாதிருந்தால் அந்தக் குறைந்த கணக்கே உண்மையாக நிலைத்திருக்கும்.

பதிவு கையில் இருந்தாலும் மௌனம் இருக்கவே செய்கிறது. அனிமல் கிராசிங் உள்ளிட்ட இரு விளையாட்டுகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 3,274 பேர் இடம்பெற்றனர். அழைப்பு பெற்றவர்களில் 100-க்கு 2 பேர்கூடப் பதில் தரவில்லை. அதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். நாமும் எழுத வேண்டும். கணக்கு தொடங்கிய ஆண்டு, வார நேரம், செலவிட்ட பணம் ஆகியவற்றில் பதில் தந்தவர்களும் தராதவர்களும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

வயதுக் கேள்வியில் தனிச் சிக்கல் உண்டு. 13 வயது வரம்பைத் தாண்டுவதற்காகப் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்த சிறுவர்கள், அதே கணக்கிலிருந்து பதில் சொல்லும்போதும் அதே ஆண்டைத்தான் எழுதுவார்கள். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை; பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அந்த வயதினரை விட்டுவிடுவதாக முடிவெடுத்தால் ஆய்வின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கணக்கில் தம்பி ஆடும் வீடுகளும் ஏராளம் என்பதால், இந்தக் கணக்கில் கடந்த வாரம் எத்தனை பேர் ஆடினீர்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பாத்திரத்தின் பாலினம் வேறு, ஆடுபவரின் பாலினம் வேறு; இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது தரவு வெளியாகும் விதம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் போதும், அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து இனங்காணலாம் என்று லட்டான்யா ஸ்வீனி 2000-இல் மதிப்பிட்டார். 40 பேர் கொண்ட கில்டில் அவ்வளவுகூட வேண்டாம். பெண், நாற்பதுகளில், செவிலியர் என்றால் ஆள் தெரிந்துவிடும். குரல் அரட்டையில் வாயே திறக்காமல் தன்னைக் காத்துக்கொண்ட ஒருவரை நம் அட்டவணை காட்டிக்கொடுக்கக் கூடாது. பிறந்த தேதி வேண்டாம், வயதுப் பிரிவு போதும். எந்த முடிவுக்கும் பயன்படாத தொழில், ஊர்க் கேள்விகளை நீக்கிவிடுங்கள்.

எங்கள் ஆய்விதழின் அடுத்த இதழ் முதல், மாதிரி எடுத்த விதமும் பதில் விகிதமும் குறிப்பிடப்படாத கட்டுரைகளையும், 10 பேருக்குக் குறைவான பிரிவுகளைத் தனித்துக் காட்டும் அட்டவணைகளையும் நாங்கள் ஏற்கமாட்டோம்.