எடைக்குப் போடுவதற்கு முன்...

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்குக் கொண்டாட்டம். கொட்டகையில் நிற்கும் பழைய காருக்கோ அது கண்டம். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் காற்றிலேயே ஈரம் இருக்கும். அந்த ஈரம் கால்மிதிக்கு அடியில் இறங்கித் தரைத் தகட்டை அரிக்கும். சீட்டில் பூஞ்சை பிடிக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ரப்பர்கள் இறுகிப் போகும். ஒயர்களை எலி பார்த்துக்கொள்ளும்.

இப்படி ஐந்தாறு வருடமாக அம்பாசிடரோ ஃபியட்டோ நிற்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். "இடத்த அடைச்சிக்கிட்டு நிக்குல்லா, எடைக்குப் போட்ருவோம்ப்பா" என்பார் மகன். அப்பா பதில் சொல்ல மாட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேச்சு திரும்ப வரும், முடிவு வராது.

அந்த வீடுகளுக்கு ஒரு யோசனை. முடிவெடுக்கும் முன், ஒரு சனி, ஞாயிறு அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பழைய கார்களைப் பராமரித்து வைத்திருக்கும் இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

கோவையில் இரண்டும் உண்டு

பழைய கார், பந்தயக் கார் இரண்டுக்கும் பேர்போன ஊர் கோவை. நமக்கு ஆறேழு மணி நேரப் பயணம். பழனி, பொள்ளாச்சி வழியாகப் போனால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கும். 1920-ல் ஜி.டி. நாயுடு தன் முதல் பஸ்ஸை விட்டது இந்தப் பொள்ளாச்சி - பழனி தடத்தில்தான். ஒரே ஒரு பஸ்ஸில் தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார்.

கோவை அவினாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியம் அவர் குடும்பத்தாருடையது. கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரியே அங்கே இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகளுக்கு மூன்று வேலை கொடுங்கள். ஒன்று, முன்னால் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் துளை எந்தெந்தக் காரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு, இண்டிகேட்டர் விளக்குக்குப் பதிலாகக் கதவோரம் சின்னக் கை ஒன்று வெளியே நீளுமே, அது எந்தக் காரில்? மூன்று, ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் எஞ்சின் எங்கே? முன்பக்கம் தேடுவார்கள். அங்கே இருப்பது பெட்டி வைக்கும் இடம், எஞ்சின் பின்னால்.

வேகம் பிடிக்கும் பிள்ளைகள் என்றால், பந்தயம் நடக்கும் வாரமாகப் பார்த்துப் போங்கள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்தப் பெயர் கோவையின் பந்தய வீரர் எஸ். கரிவரதனுடையது. 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது, நம் தெருவில் ஓடிய மாருதி 800-ன் எஞ்சின்தான். அதற்கும் முன்பு, சென்னையை அடுத்த சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தபோது, ஃபியட் போன்ற சாதாரணக் கார்களையே பிரித்துச் சீர்செய்து ஓட்டினார்கள். இதே கோவையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கோவை தூரம் என்றால் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாலையில் ஏறினால் காலையில் எழும்பூர். வடபழனி ஏவிஎம் ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ல் திறந்த மியூசியத்திலும் பழைய கார்களைப் பார்க்கலாம்.

வாய் திறக்கும் அப்பா

கண்ணாடி போலத் துடைத்து வைத்த கார் முன்னால் நின்றால், வீட்டில் பேசாத அப்பா பேச ஆரம்பிப்பார். ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் இருந்ததையும், முன் சீட்டு ஒரே நீளப் பலகையாக இருந்ததால் ஒரு அம்பாசிடரில் பத்துப் பேரை அடைத்து ஐந்தருவிக்குப் போனதையும் சொல்வார். இது வெறும் பழங்கதை இல்லை. சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், பாயின்ட்டில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், மழை நாளில் எந்த ஒயர் காலை வாரும் என்பதெல்லாம் நடுவில் வரும். இன்றைய கார்களில் கார்புரேட்டரும் இல்லை, பாயின்ட்டும் இல்லை. அதனால் இளம் மெக்கானிக்குகளுக்கு அந்த வேலை பழக்கமில்லை. அம்பாசிடர் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது.

கண்காட்சியிலோ அணிவகுப்பிலோ கார்க்காரர் யாரையாவது பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் ரிப்பேர் பார்க்கிறார்? சாமான் எங்கே கிடைக்கிறது? கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். ஓடாத காரில் ஆயில் ஏறாது, பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும். இங்கிலாந்தில் 1905-க்கு முந்திய கார்களை ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த வயதிலும் அவை ஓடுவதற்கு விடாத பராமரிப்பே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு, தகுதிச் சோதனை முடித்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை, 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் மாற்றிய வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி, தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. விண்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. வாரம் ஒருமுறை பழைய குற்றாலம் போய்வர ஆசையென்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி. ஆர்.சி. புத்தகத்தையும், சேஸிஸ், எஞ்சின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, தகடு முழுக்க இற்றுப்போயிருந்தால் கொடுத்துவிடுவதில் தவறில்லை. எல்லா வீட்டாலும் ஒரு பழைய காரைத் தாங்க முடியாது. அப்படிக் கொடுக்கும்போது அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் அந்த நம்பரில் நாளை எது நடந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

வைத்துக்கொள்வதோ கொடுப்பதோ, அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கையில் இருக்கும் போனை எடுத்து, வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்வது என்று அப்பாவைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எத்தனை முறை ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும் என எல்லாவற்றையும் கேளுங்கள். கார் தங்கினால் நாளை அதை ஓட்டப்போகும் பேரனுக்கு அது பாடம். கார் போனாலும் தாத்தாவின் குரல் வீட்டில் இருக்கும்.