மனு போட்டால் போதுமா?

பச்சைமலையின் அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டத்து ஊர். ஊருக்குள் நுழைந்தால் உளிச் சத்தம் காதில் விழும்.

மரத்திலே சாமி செய்கிற ஊர் அது. வாகை, மா, வேம்பு எதுவானாலும் அந்தக் கைகளில் பிள்ளையாராகும், மயிலாகும், கோவில் வாகனமாகும். 2020-ம் ஆண்டில் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கைத்தொழில் தெரிந்தவனுக்குக் கடல் கடந்தும் கிராக்கி உண்டு. தமிழர் வாழும் நாடுகளில் கோவில் இருக்கிறது. கோவில் இருந்தால் சிற்ப வேலையும் இருக்கும்.

அப்படி ஒரு வாலிபன் மலேசியா போகிறான் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிப் பார்க்க வந்தவன் என்று 30 நாள் அனுமதி கிடைக்கிறது.

"அங்கே போன பிறகு வேலை அனுமதிக்கு மனு போடலாம். மனு போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் ஏஜெண்டு.

மனு போடுகிறார்கள். ரசீதும் வருகிறது. 30 நாள் முடிந்துவிடுகிறது. பதில் மட்டும் வரவில்லை.

31-ம் நாள் காலையில் அவன் யார்? அனுமதி பெற்றவனா, குற்றவாளியா?

ரசீது காப்பாற்றுமா?

காப்பாற்றாது!

மனு என்பது கேள்வி. அனுமதி என்பது பதில். கேள்வி கேட்டவுடனே பதில் கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் பலரைச் சிறையில் தள்ளுகிறது.

மலேசியாவில் அனுமதி முடிந்தபின் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் விதிக்கலாம். 5 ஆண்டு வரை சிறையிலும் போடலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சிங்கப்பூரில் சட்டம் இன்னும் கடுமை. 90 நாளுக்கு மேல் கெடு தாண்டித் தங்கிய ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. மூன்று அடிக்குக் குறையாது.

துபாய், அபுதாபி உள்ள ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். பார்த்தால் சிறு தொகை. நூறு நாள் ஆனால் 5,000 திர்ஹாம்! கூலிக்காரன் எங்கே போவான்?

அந்த நாடு 2018-ம் ஆண்டிலும், 2024-ம் ஆண்டிலும் பொது மன்னிப்பு அளித்தது. அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தது. ஆனால் மன்னிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஒளிந்து வாழ முடியுமா?

நாட்டுக்கு ஒரு சட்டம்

எல்லா நாடும் இப்படி இல்லை. மனு போட்டவரைக் காக்கும் சட்டங்களும் இருக்கின்றன.

இங்கிலாந்தில் 1971-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் '3-சி' என்று ஒரு பிரிவு உண்டு. பழைய விசா முடிவதற்கு முன்பே ஒருவர் மனு போட்டுவிட்டால், பதில் வரும்வரை அந்தப் பழைய அனுமதியே தொடரும். முன்பு வேலை செய்யலாம் என்றிருந்தால் இப்போதும் செய்யலாம். கூடாது என்றிருந்தால் இப்போதும் கூடாது.

ஆனால், விசா முடிந்த மறுநாள் மனு போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்!

ஆஸ்திரேலியா இன்னொரு வழி வைத்திருக்கிறது. அங்கே இருந்தபடி மனு போடுகிறவருக்கு, முடிவு தெரியும்வரை தங்குவதற்கென்றே ஓர் இடைக்கால விசா கொடுக்கிறது. எந்த நாளில் கேட்டாலும் காட்டுவதற்கு அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

ஆகவே, "அண்ணன் மகன் லண்டனில் இப்படித்தான் இருந்தான்" என்று சொல்லி இன்னொருவர் மலேசியாவில் இருக்கக்கூடாது. ஒரு நாட்டுச் சட்டம் இன்னொரு நாட்டில் செல்லாது.

ஊருக்கு வரலாமா?

இன்னொரு கண்ணி இருக்கிறது. இது குடும்பத்தார் அறிய வேண்டியது.

ஊரில் தங்கைக்குக் கல்யாணம். அல்லது தகப்பனார் படுத்த படுக்கை. "உடனே புறப்பட்டு வா" என்று போன் போகிறது. பிள்ளையும் விமானம் ஏறிவிடுகிறான்.

இங்கிலாந்தில் '3-சி' பாதுகாப்பில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்தப் பாதுகாப்பு அன்றே போய்விடும். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க மனு போட்டவர், முன் அனுமதி வாங்காமல் வெளியேறினால், மனுவையே கைவிட்டதாகக் கொள்வார்கள். சில வகை விசாக்காரர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலும் திரும்பி வருவதற்கான விசாவைத் தனியாக வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

"வா" என்று அழைக்கும் முன், "வந்தால் திரும்பிப் போக முடியுமா?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்க வேண்டும். பாசம் பெரிதுதான். ஆனால் தெரியாமல் அழைத்தால், அந்தப் பாசமே பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

காக்க வைத்த கதை

காத்திருப்பவனுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. காக்க வைக்கும் சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. அதற்கு இலங்கையே சாட்சி.

பழைய திருச்சி மாவட்டத்திலிருந்தும் சேலம், தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்தும் ஏராளமானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள். பேரன் பேத்தியும் எடுத்தார்கள்.

1948-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. 1949-ம் ஆண்டு மறு சட்டம் வந்தது. மனு போட்டால் குடியுரிமை தரலாம் என்றது. 1951 ஆகஸ்டு 5 கடைசி நாள்.

சுமார் 2,37,000 மனுக்கள் குவிந்தன. பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் 8 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்! விசாரணை பத்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்தான்.

மற்றவர்கள் எந்த நாட்டார்? யாராலும் சொல்ல முடியவில்லை. முறைப்படி மனு போட்டவர்களையும் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள்.

1964 அக்டோபர் 30-ல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியா 5,25,000 பேரை ஏற்பது. இலங்கை 3,00,000 பேரை ஏற்பது என்று முடிவாயிற்று. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதரைப் பங்கு போட்ட கணக்கு அது! எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை அளிக்கும் சட்டம் வந்தது 2003-ம் ஆண்டில்தான்.

மனு போடக் கடைசி நாள் 1951. தீர்வு 2003. இடையே 52 ஆண்டு!

மனு போடுகிறவனுக்குக் கெடு வைக்கிறார்கள். பதில் சொல்லும் அதிகாரிக்கும் ஒரு கெடு இருப்பதுதான் நியாயம். அதுவரை அவன் தங்கலாமா, கூடாதா என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் அவனுக்குப் புரியும் மொழியில் வேண்டும். அரபியிலும் மலாயிலும் உள்ள காகிதம் அரும்பாவூர்க்காரனுக்கு எப்படிப் புரியும்?

"படிக்காதவன், ஏமாந்தான்" என்று சொல்வது சுலபம். படித்தவர்களே இந்தச் சட்டங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

வீட்டிலேயே கேளுங்கள்

சர்க்கார் திருந்தும்வரை குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடன் வாங்குவதற்கு முன்பே, நகையை அடகு வைப்பதற்கு முன்பே, நான்கு கேள்விகள் கேட்கலாம்.

போவது எந்த விசா? சுற்றுலாவா, வேலையா?

அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது?

அதற்குள் பதில் வராவிட்டால், அங்கே தங்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? அதற்கு என்ன காகிதம் தருவார்கள்?

காத்திருக்கும்போது வேலை செய்யலாமா?

ஏஜெண்டு மழுப்பினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் இந்திய சர்க்காரிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசின் வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியம் இருக்கிறது. அங்கே கேட்கலாம்.

பிள்ளை போய் இறங்கியதும், அனுமதித் தேதி உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் முன்பே ஞாபகப்படுத்துங்கள்.

அரும்பாவூர்ச் சிற்பி அளவு எடுத்த பிறகுதான் உளியை வைக்கிறார். தவறாக வெட்டிய மரம் மறுபடி ஒட்டாது. கெடு தாண்டிய பிறகு போடும் மனுவும் அப்படித்தான்!