கரை சேர்ந்த மாலுமிகள்

கடந்துபோன இளமையை ஒருமுறையேனும் திரும்பக் காண விழைவது மக்கட்கு இயல்பு. உழவன் தான் முதன்முதல் ஏர் பிடித்த வயலைப் பேரனுக்குக் காட்டி மகிழ்வான். ஆசிரியர் தாம் பாடஞ்சொன்ன பள்ளியின் வாயிலில் நின்று கண்கலங்குவர். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் ஈண்டு வரும்போதெல்லாம் தாம் தங்கியிருந்த விடுதி அறையைத் தேடிச் சென்று அதன் சுவரைத் தொட்டுப் பார்த்துப் போவதை நாம் கண்டிருக்கின்றோம். வயலும் பள்ளியும் விடுதியும் இருந்த இடத்தே இருக்கின்றன. ஆதலின் அவற்றை நாடிச் செல்வோர்க்கு நினைவு தானே எழுகின்றது.

வணிகக் கப்பலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மாலுமிக்கு இப்பேறு வாய்ப்பதில்லை. அவன் குடியிருந்த வீடு கப்பல். அக்கப்பல் முதுமையடைந்தபின் அதனை ஓதம் பெருகும் வேளையில் கரைமணலில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, இரும்பு விலைக்கு விற்றுவிடுவர். குஜராத் மாநிலத்து அலங் என்னும் கடற்கரையூரில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய இத்தொழிலுக்கு இரையான கப்பல்கள் பல்லாயிரம். கப்பல் ஓடிய வழியிலோ சுவடு ஒன்றும் இல்லை. பின்வந்த அலை முன்வந்த அலையின் தடத்தை அழித்துவிடுகின்றது. ஆகவே, முன்னாள் மாலுமிக்குத் தன் பழைய வாழ்க்கையினின்றும் எஞ்சியிருப்பவை இரண்டே: அவன் நினைவும், அவனோடு அதே கப்பலில் இருந்தோர் நினைவும். இவ்விரண்டும் ஒன்றுகூடும் இடமே மாலுமிகள் ஒருவரையொருவர் தேடிக் கண்டு பேசியிருக்கும் இடம். அப்பேச்சை வேலையற்ற முதியோரின் வீண்பேச்சென்று எண்ணுதல் பெரும்பிழை என்பதும், அதனை அருகிருந்து கேட்டு எழுதிவைத்தல் நம்மனோர் கடமை என்பதுமே யான் சொல்லக் கருதியவை.

இக்கருத்து எனக்கு நூலினின்றும் பிறந்ததன்று. என் தாயைப் பெற்ற பாட்டனார் 27 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் சுக்கான் பிடித்தவர். தூத்துக்குடியில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில், கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு மறுநாள் மாலை, அவரோடு ஒரே கப்பலில் இருந்த மூவர் வந்து கூடுவது வழக்கம். ஒருவர் பண்டாரி, அஃதாவது கப்பற் சமையற்காரர். ஒருவர் இயந்திர அறையில் எண்ணெயிட்டவர். மற்றொருவர் கம்பியில்லாத் தந்தி அதிகாரி. கப்பலில் இருந்த காலத்தில் அதிகாரியும் சிப்பந்தியும் ஒரே மேசையில் உண்டதில்லை. உடையும் வேறு, உறங்கும் இடமும் வேறு. தாழ்வாரத்திலோ நால்வருக்கும் ஒரே பாய். ஒரே தட்டிலிருந்து மக்ரூனும், ஒரே பாத்திரத்திலிருந்து கருப்பட்டிக் காப்பியும். கடல் பிரித்து வைத்தவர்களைக் கரை சேர்த்து வைத்தது போலும்!

அவர்கள் ஆண்டுதோறும் தவறாது பேசியது 1973ஆம் ஆண்டில் கண்ட ஒரு புயலைப் பற்றியது. 1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் மூண்ட போரால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு, 1975ஆம் ஆண்டு ஜூன் வரை, எட்டாண்டுகள் மூடியே கிடந்தது. அக்காலத்தில் நம் நாட்டிலிருந்து ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நாலாயிரம் கடல் மைலுக்கு மேல் மிகையாக ஓடி, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அங்கே தென்மேற்காக விரையும் கடல் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று வீசுங்கால், அலை மலையெனத் திரண்டு எழும். அப்படிப்பட்ட ஓர் இரவில் நால்வரும் ஒரே கப்பலில் இருந்தனர். ஆயினும் நால்வரும் கண்ட புயல் ஒன்றன்று. பாட்டனார் கண்டது திசைகாட்டியின் முள் ஒன்றையே. பண்டாரி கண்டது சோற்று அண்டா கவிழ்ந்து சமையலறையெங்கும் சோறு சிதறியதை. எண்ணெயிட்டவர் கேட்டது, கப்பலின் பின்புறம் அலைமேல் எழும்பிச் சுழல்விசிறி நீரைவிட்டு வெளிப்படுந்தோறும் இயந்திரம் வெறிகொண்டு அலறிய ஓசையை. தந்தி அதிகாரியோ, அவ்விருளில் எங்கோ தொலைவில் மற்றொரு கப்பல் உதவி கோரி விடுத்த செய்தியைக் காதிற் கேட்டவர்.

“அன்று நாம் டர்பனைத் தாண்டவில்லை” என்பார் பாட்டனார். “தாண்டிவிட்டோம் வே! டர்பன் நிலையத்தாரோடு பேசி முடித்தபின் அல்லவா காற்று மாறிற்று?” என்று தந்தி அதிகாரி திருத்துவார். “அண்டா கவிழ்ந்தது நடுச்சாமத்தில், அது மட்டும் எனக்குத் தெரியும்” என்பார் பண்டாரி. இவ்வாறு ஒருவர் விட்டதை மற்றொருவர் எடுத்துக் கோக்கக் கோக்க, அந்த இரவு முழு உருவம் பெற்று எழும். யான் அருகில் தேர்வுக்குரிய பாடத்தை வைத்துக்கொண்டு அரைச் செவியால் கேட்டிருப்பேன்.

தந்தி அதிகாரி சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடந்த திருநாளுக்கு மறுநாள் மூவர் மட்டுமே கூடினர். பாட்டனார் வழக்கம்போல் கதையைத் தொடங்கினார். உதவி கோரிய அந்த மற்றக் கப்பலைப் பற்றிய இடம் வந்தது. அவர் பேச்சை நிறுத்தி, பாயில் வெறுமையாயிருந்த பக்கம் திரும்பினார். அதன் பெயர் யாது? அதிலிருந்தோர் பிழைத்தனரோ, இல்லையோ? எஞ்சிய மூவரும் அறியார். பத்து முறையேனும் அக்கதையைக் கேட்டிருந்த யானும் அறியேன். ஒரு கப்பலின் முடிவு எங்கள் கண்முன்னே மறைந்துபோயிற்று. அன்று யான் அடைந்த நாணத்தின் பயனே இக்கட்டுரை.

மாலுமிகள் மிகைபடக் கூறுவோர் என்று சிலர் சொல்வர். தனித்திருந்து பேசும் மாலுமிக்கு இக்குற்றம் பொருந்தலாம். கூடியிருந்து பேசுவோர்க்குப் பொருந்தாது. உடனிருந்து கண்டவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பத்தடி அலையை ஐம்பதடி அலையாக்க எவருக்கு நா எழும்? நந்தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில் வரும் சாதுவன் வரலாற்றை நினைமின். கலம் உடைந்தபோது தப்பிவந்தோர் சாதுவன் இறந்தான் என்று ஆதிரையிடம் கூறினர். அவர்கள் பொய்யுரைத்தவரல்லர், தாம் கண்ட அளவைக் கூறினர். ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்த சாதுவன், பின்பு வேறொரு வணிகன் கலத்தில் ஏறித் திரும்பி வந்தபின்னரே முழுமையும் வெளிப்பட்டது. கடலில் நிகழ்ந்ததை ஒருவர் வாயால் மட்டும் அறிதல் அரிது. பலரும் கூடினாலன்றி உண்மை நிறைவுறாது.

பழங்கதை பேசுவோர் துன்பத்தை மறந்து இன்பத்தையே பாராட்டுவர் என்பது பிறிதொரு தடை. யான் கண்டது இதற்கு மாறானது. வீட்டாரிடம் மாலுமி கூறுவன பெரும்பாலும் வேடிக்கைக் கதைகளே. தாயின் அடக்கத்திற்கு வரவியலாமல் நடுக்கடலில் நின்றதையும், பிறந்த குழந்தையை அதற்கு இரண்டு வயது நிரம்பும் தறுவாயில் முதன்முதல் கண்டபோது அது தம்மைக் கண்டு அஞ்சி அழுததையும் பண்டாரி அந்தப் பாயின்மேல்தான் கூறினார். கேட்போர் மூவரும் அதே துன்பத்தை அறிந்தவராதலின், விளக்கம் வேண்டாதிருந்தது. துன்பத்தை இறக்கி வைக்க ஓர் இடம் அனைவருக்கும் வேண்டும். அவ்விடம் அவர்களுக்கு ஆண்டில் ஒரு மாலைப்பொழுதே.

எழுதிவைப்பதால் விளையும் பயன் யாதெனின், இரண்டு செய்திகளை ஒருங்கே வைத்துக் காட்டுவேன். பாட்டனார் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிய அதே ஆண்டுகளில், மூடுண்ட சூயஸ் கால்வாயின் நடுவே, பெருங் கசப்பேரி என்னும் நீர்நிலையில் 14 வணிகக் கப்பல்கள் அகப்பட்டுக் கிடந்தன. பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, சுவீடன், போலந்து, பிரான்சு, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா என எட்டு நாட்டுக் கொடிகள் அவற்றிற் பறந்தன. அந்நாடுகளுட் பெரும்பாலானவை அக்காலத்தில் இரு பகையணிகளாகப் பிரிந்து நின்றவை. மாலுமிகளோ 1967ஆம் ஆண்டிலேயே தமக்குள் ஒரு சங்கம் அமைத்தனர். ஒரு கப்பலில் பந்தாட்டம். ஒரு கப்பலில் திரைப்படம். நார்ட்விண்ட் என்னும் ஜெர்மானியக் கப்பலில் ஆலய வழிபாடு. 1968ஆம் ஆண்டு மெக்சிகோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது தாமும் ஏரியில் பந்தயங்கள் நடத்தினர். தம் கையால் தபால் முத்திரைகளும் செய்தனர். பாலைவன மணல் படிந்து நிறம் மாறியமையின் அவற்றிற்கு மஞ்சட் கப்பற்படை என்ற பெயர் வழங்கிற்று. 1975இல் வழி திறந்தபோது, தம் இயந்திர வலியாலேயே தாயகம் சேர்ந்தவை இரண்டு ஜெர்மானியக் கப்பல்களே. ஆயினும் அவர்கள் கதையை உலகம் அறியும், ஏன்? அவர்கள் கூடினர், பேசினர், எழுதினர், காத்தனர்.

இனி மற்றொரு செய்தி. 1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரில், இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர் உயிரிழந்தனர். வெள்ளை மாலுமிகளினும் மிகக் குறைந்த ஊதியம் பெற்று, நீர்மூழ்கிகளின் குண்டுக்கு இரையானவர் இவர். மும்பையிலும் சட்டகிராமத்திலும் இவர்கள் பெயர்களைத் தாங்கிய ஏடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர் இருக்கின்றது, கதை எங்கே? அவர்களோடு இருந்து உயிர்தப்பிக் கரையேறியோர் தத்தம் ஊர்த் திண்ணைகளில் பேசியிருப்பர் அன்றோ? அத்திண்ணைகளின் அருகே ஏடும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்தோர் மிகச் சிலரே. ஆதலின் 14 கப்பல்களின் விளையாட்டு வரலாறாயிற்று. 6,000 பேரின் மரணம் ஓர் எண்ணாக நின்றது.

திருமறை இதற்கு நேர்மாறான ஒரு நல்வழியை நமக்குக் காட்டுகின்றது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுல் அடியார் ஏறிச்சென்ற கப்பல் உடைந்த வரலாற்றை லூக்கா எழுதியிருக்கின்றார். காற்றின் பெயரையும், ஆழம் முதலில் 20 பாகமாகவும் பின்பு 15 பாகமாகவும் இருந்ததையும், பின்னணியத்தினின்று நான்கு நங்கூரங்கள் இட்டதையும், கப்பலில் 276 பேர் இருந்ததையும் அவர் விடாது குறித்தார். அந்த 276 பேரில் பெரும்பாலோர் பெயரறியாச் சிப்பந்திகளும் சிறையாளரும் காவலருமே. எனினும் ஒருவரும் கணக்கினின்று விடுபடவில்லை.

மாலுமிகளின் தொழில் விரைந்து மாறிவருகின்றது. 1956ஆம் ஆண்டில் 58 சரக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் அமெரிக்க நாட்டு நூவார்க்கினின்று புறப்பட்டது முதல் துறைமுக வாழ்வு மாறத் தொடங்கிற்று. பல நாள் துறையில் தங்கிய கப்பல் இன்று சில மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வானத்துத் துணைக்கோள் வழியாகச் செய்தி விடுக்கும் புதுமுறை முழுதும் நடைமுறைக்கு வந்தபோது, கம்பியில்லாத் தந்தி அதிகாரி என்னும் பதவியே மெல்ல மறைந்தது. தமிழ் பயிலும் நம்மனோர்க்கு வேறோர் இழப்பும் உண்டு. தோணியின் தலைவனைத் தண்டல் என்றும், சிப்பந்தித் தலைவனைச் செராங்கு என்றும், பாரத்தை ஏற்ற ‘ஹபீஸ்’ என்றும் இறக்க ‘ஆரியா’ என்றும் கூறும் கப்பற்பேச்சு, தமிழும் பாரசீகமும் போர்த்துகீசியமும் கலந்து வளர்ந்தது. இச்சொற்களின் உயிர் இம்முதியோர் நாவில் உள்ளது.

பழையன என்றும் பழையனவாகவே கிடப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, கப்பல்கள் பல மீண்டும் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. அச்செய்தியைப் படித்த பாட்டனார், “அங்கே காற்று தென்மேற்கில் திரும்பும்போது கவனமாயிருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?” என்று கேட்டார்.

நண்பர்காள்! நம்மில் தூத்துக்குடி, நாகப்பட்டினம், குளச்சல் முதலிய கடற்கரையூர்களினின்று வந்தோர் பலர். அடுத்த விடுமுறையில் உம் தெருவில் முன்னாள் மாலுமிகள் கூடும் திண்ணை எது என்று வினவுங்கள். கப்பலின் பெயர், ஆண்டு, துறைமுகம், உடனிருந்தோர் செய்த வேலை, அவர்கள் வழங்கிய சொல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் கேளாதீர்; இருவரையேனும் ஒருங்கே அமர்த்திக் கேளுங்கள். எழுதியதன் படியொன்றை நம் கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பின், ஆசிரியப் பெருமக்கள் அதனைப் போற்றிக் காப்பர் என்று நம்புகின்றேன்.

மறைந்த தந்தி அதிகாரி கூறியவற்றுள் ஒன்று மட்டும் என் நெஞ்சில் நின்றது. கப்பலின் தந்தியறைக் கடிகாரத்தில் சிவப்பு வண்ணம் தீட்டிய இரண்டு பகுதிகள் இருந்தனவாம். ஒவ்வொரு மணியிலும் 15ஆம் நிமிடம் தொடங்கி மூன்று நிமிடமும், 45ஆம் நிமிடம் தொடங்கி மூன்று நிமிடமும், ஆபத்துச் செய்திக்குரிய அலைவரிசையில் எக்கப்பலும் எந்நிலையமும் பேசலாகாது. யாவரும் வாய்மூடிச் செவிகொடுத்தல் வேண்டும். எங்கோ அமிழும் ஒரு கப்பலின் மெல்லிய குரல் பிறர் ஆரவாரத்தில் மூழ்கிவிடாதிருத்தற் பொருட்டு வகுத்த விதி அது. அந்தக் கடிகாரங்கள் இன்று ஓடவில்லை. நம் தாழ்வாரங்களில் இன்னும் சில முதியோர் பேசிக்கொண்டிருக்கின்றனர். நம் ஆரவாரத்தைச் சற்று நிறுத்தி அவர்களுக்குச் செவிகொடுப்போமாக.