ரசிகனுக்கு ஏழரை!

எங்க இண்டூரில் ஃபுட்பாலுக்காகச் சென்னை போகிறவன் என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என்ன செய்ய, சென்னையின் எஃப்.சி. 2015, 2018 என இரண்டு தடவை ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயித்த டீமாச்சே!

கொரோனாவால் இரண்டு சீசன் கோவாவில், ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஆடினார்கள். 2022-ல் நேரு ஸ்டேடியம் திரும்பினார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? மேட்ச் பெரும்பாலும் ராத்திரி ஏழரைக்கு. சுமார் 300 கி.மீ. பஸ்ஸில் வந்து மறுநாள் ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அது நிஜமாகவே ஏழரைதான்!

டிக்கெட் கதை தனி. ஒரு மேட்சுக்கு நெட்டில் காசு கட்டிவிட்டுப் போனால், "இதைக் கவுண்டர்ல குடுத்து டிக்கெட் வாங்கிட்டு வாங்க சார்" என்றார் வாசலில் ஒருவர். அப்ப நான் வாங்கினது என்னவாம்? க்யூவில் நின்று உள்ளே நுழைவதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. என்னைச் சுற்றி வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.