37 வயதில் ரிட்டயர்மென்ட்: போர் முடிந்த பிறகு சிப்பாய்க்கு என்ன நடக்கிறது?

லீவில் ஊருக்கு வரும் மிலிட்டரிக்காரரிடம் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, 'கேன்டீன் சரக்கு இருக்கா?' அடுத்தது, 'பார்டர்ல சண்டையெல்லாம் பாத்திருக்கீங்களா?' அவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். 'ரிட்டயர் ஆன பிறகு என்ன பண்ணப் போறீங்க?' என்று கேட்பவர்கள் குறைவு. இன்று அதிகம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 18 வயதில், 1997-ல் ராணுவத்தில் சேர்ந்த ஒரு சிப்பாய். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. இரண்டே வருடத்தில் கார்கில் போர். 16,000 அடி உயர மலை, மேலிருந்து சுடும் எதிரி. அந்தப் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர், காயமடைந்தவர்கள் 1,363 பேர். நம்ம சிப்பாய் உயிரோடு திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். 19 வருட சர்வீஸ் முடிந்து 2016-ல் வீடு திரும்பும்போது அவருக்கு வயது 37.

அந்த வயதில் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர் டீம் லீடோ மேனேஜரோ ஆகியிருப்பார். சிப்பாய்க்கோ பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக் கடன் பாதியில், கையில் புதிதாக ஒரு பயோடேட்டா. தவறு யாருடையதும் இல்லை. மலை ஏற இளம் உடல் தேவை என்பதால் ராணுவமே இவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறது.

பென்ஷன் சலுகையா?

இல்லை. 15 ஆண்டுகள் முடித்தால் சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் பாதி. மற்ற அரசு ஊழியர்கள் 60 வயதுவரை சம்பாதிக்கும்போது இவர்களை முன்கூட்டியே அனுப்புவதற்கான ஈடு இது. 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கேட்டு முன்னாள் வீரர்கள் 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததன் பின்னணியும் இதுதான்.

இரண்டாவது வேலை?

சட்டத்தில் வழி இருக்கிறது. மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டுகள் பணியாற்றியவர், பட்டப்படிப்பு கேட்கும் பல குரூப் 'சி' வேலைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் இந்த இடங்கள் முழுமையாக நிரம்புவதில்லை. சிக்னல்ஸ் பிரிவில் ரேடியோ கருவிகளைப் பராமரித்தவரும், கரடுமுரடான மலைப்பாதையில் கான்வாய் ஓட்டியவரும் கடைசியில் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி யூனிஃபார்மில் நிற்பதை நாமே பார்க்கிறோம். அது கேவலமான வேலை இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த வேலையை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை.

அக்னிவீர் வந்த பிறகு?

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சர்வீஸ் நான்கே ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரமாகலாம். மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியும். பென்ஷன் கிடையாது. 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு நான்கு ஆண்டுகள் முடிவது 2026 இறுதியில்.

ராணுவத்தின் சராசரி வயதைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இளமையின் செலவை 22 வயதுப் பையன் மட்டும் சுமக்கக் கூடாது. துணை ராணுவப் படைகளில் இவர்களுக்கு அறிவித்த ஒதுக்கீடு காகிதத்தில் நின்றுவிடக் கூடாது. படையில் கற்ற வேலைக்குத் தொழில் நிறுவனங்கள் ஏற்கும் சான்றிதழ் வேண்டும். போர் பார்த்து வந்தவருக்கு மனநல ஆலோசனை அவர் மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும்.

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்பும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அடுத்த பையனை அனுப்பலாமா என்று அந்த வீடுகள் முடிவு செய்யப்போவது, திரும்பி வந்த அண்ணனின் நிலைமையைப் பார்த்துத்தான்.